வண்டியை இறக்கியாச்சு, இப்போது ஏன் ரோட்டில் அலைகிறது?

காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் மாட்டிய கையோடு நேராக, சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட் கடைக்குப் போய், ஸ்க்ரீனில் எல்லா அளவும் எல்லைக்குள் வந்து பச்சையானதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சில மாதம் ஓடிய பிறகு முன் டயரின் உள் ஓரம் மட்டும் வழுக்கையாகியிருக்கும், பைபாஸில் 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கைச் சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், திரும்பவும் கடைக்குப் போனால் அதே பச்சைதான் வரும். அலைன்மெண்ட் என்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நம் ஊரில் அதிகம் இறக்கப்படும் வகை: முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்திரம்). ஸ்விஃப்ட், பலேனோ, போலோ, ஐ20 எல்லாம் இந்த அமைப்புதான். பழைய சிவிக் மாதிரி பின்பக்கமும் தனித்தனி ஆர்ம்கள் உள்ள கார் என்றால் பின் சக்கரங்களின் சாய்வும் (கேம்பர்) திசையும் (டோ) இறக்கும்போது மாறும், அதற்கென்று அட்ஜஸ்டபிள் ஆர்ம் வாங்க வேண்டியிருக்கலாம். டார்ஷன் பீமில் அந்தத் தொல்லை இல்லை; இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கேம்பர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

இறக்கும்போது உண்மையில் என்ன மாறுகிறது

முன்பக்கம், சக்கரத்தைக் காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் கவனியுங்கள். கம்பெனி உயரத்தில் அது காரின் நடுவிலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும். 30 மில்லிமீட்டர் இறக்கினால் ஏறக்குறைய மட்டமாகிவிடும், 50, 60 என்று போனால் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். இந்த ஒரு சாய்வு மாறுவதால் மூன்று காரியம் நடக்கிறது.

முதலாவது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்வது. 30 மில்லிமீட்டருக்கு அரை முதல் ஒரு டிகிரி வரை நெகட்டிவ் பக்கம் போகும். எல்லோரும் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் மூன்றிலும் இதுதான் குறைவான தொல்லை.

இரண்டாவது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வட்டத்தில் ஏறி இறங்குவதில்லை, அதனால் உயரம் மாறினால் சக்கரத்தின் திசையும் மாறும். ஸ்டியரிங் ரேக் அச்சுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கார்களில் பெரும்பாலும் டோ-அவுட் ஆகும், இரண்டு சக்கரமும் முன்னால் விரிந்து நிற்கும். டயரைத் தின்பது முக்கியமாக இதுதான். கணக்குப் போட்டால் புரியும்: ஒரு சக்கரம் வெறும் 10 மினிட் (60 மினிட் ஒரு டிகிரி) கோணம் தவறி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 3 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. அரை டிகிரி என்றால் 8 மீட்டருக்கு மேல். நெகட்டிவ் கேம்பரால் உள் ஓரத்தில் ஏற்கெனவே எடை கூடியிருக்க, இந்தத் தேய்ப்பும் அங்கேதான் விழும். கேம்பர் மட்டும் ஒரு டிகிரி இருந்து டோ சரியாக இருந்தால் டயர் நன்றாகவே உழைக்கும்.

மூன்றாவதை மெஷினில் பார்க்க முடியாது. ரோல் சென்டர். கார் வளைவில் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது. ஸ்ட்ரட் காரில் பாடி 30 மில்லிமீட்டர் இறங்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கும், ஆக எடையின் மையத்துக்கும் அதற்கும் நடுவில் உள்ள தூரம் கூடுகிறது, கார் சாய்வதற்கான நெம்புவிசையும் கூடுகிறது. தாழ்ந்த கார் சாயாது என்ற நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது. சாயாமல் இருப்பது ஸ்பிரிங் கடினமானதால், தாழ்ந்ததால் அல்ல. போதாததற்கு, லோயர் ஆர்ம் மட்டத்தைத் தாண்டிவிட்டால் சக்கரம் மேலும் ஏறும்போது கேம்பர் கூடுவதும் நின்றுபோகும். வளைவில் வெளிப்பக்க டயர் நிமிர்ந்து, தன் வெளி ஓரத்தில் நின்று தேய்ந்து, முன்பக்கம் நேராக ஓடப் பார்க்கும்.

அதனால்தான் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் கருத்து: 25 முதல் 30 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் அழகு கூடும், ஓட்டம் கூடாது.

மாட்டும்போதே சரி செய்ய வேண்டியவை

ஸ்பிரிங் அறுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செலவில்லாத வழி என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் அது 20 சதவீதம் கடினமாகும், அது பரவாயில்லை. ஆனால் மொத்த நீளம் குறைவதால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தன் இருக்கையை விட்டு நகரும், அறுத்த முனை இருக்கையில் சரியாக உட்காராது. கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும். இரண்டும் வேண்டாம். ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் தொடவும் வேண்டாம், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவும் வேண்டாம்.

பம்ப் ஸ்டாப்: ஷாக் ராடில் மாட்டியிருக்கும் ரப்பர் அல்லது ஃபோம் துண்டு. சிறிய ஹேட்ச்பேக்கில் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடமே ஏழெட்டு சென்டிமீட்டர் அளவில்தான். 40 மில்லிமீட்டர் இறக்கினால் அதில் பாதி போய்விட்டது, நான்கு பேர் ஏறினால் கார் அந்த ரப்பரின் மேலேயே உட்கார்ந்துவிடும். நேர் ரோட்டில் இது வெறும் குலுக்கலாகத் தெரியும். வளைவில் முன்பக்க ரப்பர் முட்டினால் முன் டயர் திடீரென்று பிடியை விடும், பின்பக்கம் முட்டினால் வால் வீசும், அது இன்னும் பயங்கரம். ஸ்பிரிங்கோடு வந்த தாளில் பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு குறைக்கலாம் என்று போட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். மொத்தமாகக் கழற்றி வீசினால் ஷாக் உள்ளே இரும்போடு இரும்பு மோதிச் சீக்கிரம் செத்துப்போகும்.

முட்டுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஷாக் ராடு வெளியே தெரியும் இடத்தில் ஒரு சிறிய கேபிள் டை கட்டி, ஷாக்கின் உடம்பை ஒட்டித் தள்ளிவையுங்கள். வழக்கமான பாதையில் ஒரு சுற்று போய்விட்டு வந்தால், ராடு எவ்வளவு தூரம் உள்ளே போனது என்பதை அது நின்ற இடம் காட்டிக்கொடுக்கும்.

ரப்பர் புஷ்: ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை. இதைத்தான் மெக்கானிக் கடைகளில் அதிகம் தவறவிடுகிறார்கள். லோயர் ஆர்மின் புஷ் வெறுமனே சுழலாது. போல்ட்டை முறுக்கியதும் உள்ளே உள்ள இரும்புக் குழாய் பிடித்துக்கொள்ளும், அதன்பின் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் நிரந்தரமாக முறுக்கிலேயே இருக்கும். கார் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், உயரம் நாளுக்கு நாள் மாறும், கொஞ்ச நாளில் புஷ் கிழியும். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். அதனால் ஆர்ம் போல்ட்களையும் பின் பீமின் முன்முனை போல்ட்களையும் தளர்த்தி, கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது, ராம்ப் மேலோ சர்வீஸ் பிட் மேலோ நிறுத்தி, ஆட்டிவிட்டு, டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்களிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஓட்டையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இறுக்கும்போது ஒரு பக்கம் சக்கரத்தின் மேல்முனையை உள்ளே தள்ளியும் மறுபக்கம் வெளியே இழுத்தும் வைத்துவிட்டால் இரண்டு பக்கக் கேம்பரும் வேறுவேறாகி, கார் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டையும் ஒரே மாதிரி, வெளியே இழுத்து வைத்து இறுக்குங்கள்.

ஏபிஎஸ் இல்லாத பழைய கார்கள் சிலவற்றில் பின் பீமிலிருந்து பாடிக்கு ஒரு கம்பியோ சிறு ஸ்பிரிங்கோ போகும். பின்பக்க எடையைப் பார்த்து பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. காரை இறக்கினால் டிக்கி நிறைய மூட்டை இருப்பதாக அது நினைத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும், மழையில் பின் சக்கரம் லாக் ஆகும். புதிய உயரத்துக்கு ஏற்ப அதை அட்ஜஸ்ட் செய்யாமல் ரோட்டில் எடுக்காதீர்கள்.

ஹெட்லைட் உயரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், முன்னும் பின்னும் சமமாக இறங்கவில்லை என்றால் வெளிச்சம் தவறான இடத்தில் விழும்.

வீட்டு வாசலில் ஒரு முதல் அளவு

புது ஸ்பிரிங் சில நாள் ஓடியபிறகுதான் தன் உயரத்துக்கு வந்து உட்காரும். அதுவரை அலைன்மெண்ட் வேண்டாம் என்பார்கள், பாதி சரி. ஆனால் டோ பெரிதாக விரிந்த நிலையில் அத்தனை நாள் ஓட்டினால் டயர் போய்விடும். நூல் கட்டி ஒரு தோராயமான டோ வைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லது.

முதலில் உயரம். நான்கு டயரிலும் காற்று சரியாக வைத்து, மட்டமான தரையில் காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு (ஜாக்கிலிருந்து இறக்கியதும் டயர்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும், உருட்டினால்தான் விடும்), சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடது வலது 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் ஸ்பிரிங் இருக்கையில் தப்பாக உட்கார்ந்திருக்கும் அல்லது மேலே சொன்ன புஷ் விவகாரம். இதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

முன்னும் பின்னும் எவ்வளவு இறங்கியது என்பதையும் ஒப்பிடுங்கள். ஸ்விஃப்டின் 2018 மாடலுக்கு வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம், 2450 மில்லிமீட்டர். பின்பக்கத்தைவிட முன்பக்கம் 20 மில்லிமீட்டர் அதிகம் இறங்கியிருந்தால் மொத்தக் காரும் அரை டிகிரி அளவுக்கு மூக்கைக் கவிழ்த்திருக்கிறது என்று அர்த்தம், காஸ்டர் கோணமும் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) அதே அரை டிகிரி குறைந்திருக்கும். திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும் வேகம் மந்தமாகும். மெஷினில் இதைத் திருத்த பெரும்பாலான கார்களில் வழி கிடையாது, உயரத்தைச் சமப்படுத்துவதுதான் வழி.

இப்போது நூல். நான்கு ஸ்டாண்ட் அல்லது செங்கல் அடுக்கு, இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் விறைப்பாக மீன்பிடி நைலான் நூல். முன் சக்கர மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும், பின் சக்கரத்திலும் அப்படியே. முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை, இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலம் முன்னும் பின்னும் வேறாக இருக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்டீல் ஸ்கேலால் அளவெடுங்கள். முன் விளிம்பு நூலிலிருந்து அதிகம் தள்ளியிருந்தால் சக்கரம் உள்ளே பார்க்கிறது, டோ-இன். குறைவாக இருந்தால் டோ-அவுட். 15 அங்குல ரிம்மில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் சுமார் 9 மினிட். ஒவ்வொரு சக்கரத்தையும் பூஜ்யத்துக்கும் அரை மில்லிமீட்டர் டோ-இன்னுக்கும் நடுவில் கொண்டுவந்தால் இப்போதைக்குப் போதும். டை ராடு லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் வீல் கோணலாகும்.

நூல் கட்டியிருக்கும்போதே இன்னொரு சோதனையையும் முடித்துவிடலாம். நண்பர்கள் இருவரைக் கூப்பிட்டு முன்பக்கத்தை 20 மில்லிமீட்டர் அளவுக்கு அழுத்திப் பிடிக்கச் சொல்லி டோவை மறுபடி அளவெடுங்கள். பெரிதாக மாறினால் அது பம்ப் ஸ்டியர். குழியில் விழும்போதெல்லாம் நீங்கள் திருப்பாமலே கார் திரும்பும். மெஷினில் எத்தனை தடவை டோ வைத்தாலும் இது போகாது, ஏனென்றால் நின்ற நிலையில் டோ சரியாகத்தான் இருக்கிறது. டை ராடின் கோணத்தைத் திருத்தும் டை ராட் எண்ட், நீளமான பால் ஜாயிண்ட் என்று உங்கள் காருக்கான ரோல் சென்டர் கிட் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்கவில்லை என்றால் 10 மில்லிமீட்டர் உயர்த்துங்கள்.

அலைன்மெண்ட் கடையில்

மலிவான கடைகளில் முன் டோவை மட்டும் திருப்பிவிட்டு அனுப்பிவிடுவார்கள். நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டும் கடைக்குப் போங்கள். பின் பீம் கொஞ்சம் கோணலாக நின்றால் கார் நண்டு மாதிரி சற்றே குறுக்காக ஓடும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், பின் அளவைப் பார்க்காமல் முன்பக்கத்தைத் திருத்தவே முடியாது. பீமில் அட்ஜஸ்ட்மெண்ட் இல்லை, தேவைப்பட்டால் சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சிலுக்கும் பீமுக்கும் நடுவில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்கலாம்.

உள்ளே விடும் முன் பெட்ரோலும் டிக்கியும் வழக்கமாக ஓட்டும்போது இருக்கும் அளவில் இருக்கட்டும். முதல் அளவின் பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள், திருத்திய பின் இன்னொன்று. வேலையின் வரிசை கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரை அசைத்தால் டோ கலைந்துபோகும், மாற்றிச் செய்தால் இரண்டு வேலையும் வீண்.

கேம்பர் சிவப்பில் வந்தால் பதற வேண்டாம். மெஷினில் உள்ள எல்லை கம்பெனி உயரத்துக்கானது. மைனஸ் ஒன்று, ஒன்றேகால் வரை தினசரி ஓட்டத்துக்குச் சரி, இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் கேம்பர் போல்ட் இருக்கிறது. ஸ்ட்ரட்டின் மேல் ஓட்டையில் மாட்டும் கோணல் வயிறுள்ள போல்ட், ஏறக்குறைய ஒன்றரை டிகிரி வரை நகர்த்தித் தரும். இதற்குப் பதிலாக ஒரு ஹைட்ராலிக் ஜாக் கருவியை மாட்டி "கேம்பர் பெண்ட் எடுத்துத் தர்றோம் சார்" என்று சொன்னால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் வளைப்பது உங்கள் ஸ்ட்ரட்டையோ நக்கிளையோதான். எண் பச்சையாகும், ஷாக் ராடு உள்ளே உரசி ஆயில் கசியும்.

டோ மொத்தமாக 0 முதல் 10 மினிட் உள்நோக்கி என்று கேளுங்கள். சில மெஷின்கள் டிகிரியைத் தசமத்தில் காட்டும், சில மினிட்டில். தசமத்தில் 0.10 என்பது 6 மினிட்தான், 10 அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. ஈஎஸ்பி (கார் சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள கார் என்றால் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் ரீசெட் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால்

ஒரு பக்கம் இழுத்தால், முதலில் ரோட்டைச் சந்தேகப்படுங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், மழைத் தண்ணீர் வடிய ரோடு இடது ஓரத்துக்குச் சாய்ந்திருக்கும், இலேசாக இடப்பக்கம் போவது இயல்பு. அதைத் தாண்டி இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். திசைக் குறி உள்ள டயர் என்றால் ரிம்மிலிருந்து கழற்றித்தான் மாற்ற வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் பிரிண்ட் அவுட்டைப் பாருங்கள்: நெகட்டிவ் கேம்பர் குறைவாக உள்ள பக்கம், அல்லது காஸ்டர் குறைவாக உள்ள பக்கம், அந்தத் திசைக்குத்தான் கார் போகும்.

ரோட்டில் உள்ள பள்ளக் கோடுகளைப் பின்தொடர்ந்து கார் அலைந்தால் டோ-அவுட்டும் அகல டயரும் சேர்ந்த வேலை. ஸ்டியரிங் திருப்பிவிட்டால் திரும்பி வராமல் பிடித்துக்கொண்டால் ஸ்ட்ரட்டின் மேல்முனையில் உள்ள மவுண்ட் பேரிங். மெதுவாகப் போகும்போது டொக் டொக் என்றால் சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரை இணைக்கும் லிங்க் ராடு, அல்லது ஸ்பிரிங் முனை இருக்கையில் உட்காரவில்லை. பாலத்து இணைப்பைத் தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் புது ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் திணறுகிறது. 80,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக்கின் மேல் கடினமான ஸ்பிரிங் போட்டால் இப்படித்தான், ஷாக்கும் சேர்த்து மாற்றக் காசு இல்லையென்றால் ஸ்பிரிங்கையும் தள்ளிப் போடுங்கள்.

வேகத்தடை பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர், 30 போனால் 133. இந்திய சாலை காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வட்ட வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். கார் அதன் உச்சியில் நிற்கும்போது இரண்டு அச்சும் மேட்டின் மேலேயே இருப்பதால், நடுவில் மேடு எழும்புவது 44 மில்லிமீட்டர்தான், தாராளமாகத் தாண்டலாம். ஆனால் நம் தெருக்களில் யாரோ ஒரே இரவில் சிமெண்ட் கொட்டி எழுப்பிய செங்குத்தான மேட்டுக்கு எந்த அளவும் கிடையாது. அங்கே ஆளை இறக்கிவிட்டு, குறுக்காக ஏற்ற வேண்டியதுதான்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்காமல் விட்டால், விபத்தில் கிளெய்ம் கேட்கும் நாளில் சர்வேயர் ஸ்பிரிங்கைத்தான் முதலில் பார்ப்பார்.

அலைன்மெண்ட் முடிந்து ஓர் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்தால் டோ சரி. ஒரு திசையில் மட்டும் ரம்பம் போல் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் பழைய பிரிண்ட் அவுட்டை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போங்கள், கண்ணுக்குத் தேய்மானம் தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.